நாலு பேர், ஒரு ப்ராஜெக்ட்

செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் சிங்கவரம். பல்லவர் காலக் குடைவரையில் ரங்கநாதர் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்டிருக்கும் மலை. அந்த மலையடியிலிருந்து ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் போவது 1990-களில் ஊரே பேசும் செய்தி. சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ புதுச்சேரிக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஹாஸ்டலில் சேர வேண்டும். இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. காலையில் செஞ்சியில் பஸ் பிடித்து, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

நான் சொல்ல வந்தது அந்தப் படிப்பின் கடைசி செமஸ்டரைப் பற்றி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். நாலு பேருக்கு மேல் போகாத ஒரு பேட்ச், ஒரு கைடு, மூன்று ரிவ்யூ, முடிவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைவா. இந்தச் சட்டகம் ரொம்ப நாளாக மாறவில்லை. உள்ளே இருப்பதுதான் மாறிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் விஷுவல் பேசிக் 6, பின்னால் ஆரக்கிள். தலைப்பு பெரும்பாலும் லைப்ரரி மேனேஜ்மென்ட், ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட், பேரோல். சொந்தமாக சிஸ்டம் வைத்திருக்கும் மாணவர் வகுப்பில் ஒருவரோ இருவரோ. மற்றவர்களுக்கு லேப் நேரம்தான் கதி. எழுதியதை 1.44 எம்பி ஃப்ளாப்பியில் ஏற்றி எடுத்து வந்தால், மறுநாள் அது திறக்குமா என்பதே தெரியாது. நாலு பேரில் ஒருவர் கோடு எழுதுவார். ஒருவர் ரிப்போர்ட் எழுதுவார். இன்னொருவர் டிடிபி சென்டரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருத்துவார். நான்காமவர் பைண்டிங் கடைக்கும் கைடு அறைக்கும் அலைவார். கெட்டி அட்டையில் தங்க நிற எழுத்து மின்ன ரிப்போர்ட் வந்துவிட்டால் பாதி பட்டம் கிடைத்த மாதிரி. இதில் மூன்று பேருக்கு மென்பொருள் என்றால் என்னவென்று கடைசி வரை பிடிபடவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2010-ஐ ஒட்டிப் படித்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டு லேப் பட்டியல் மனப்பாடமாக இருக்கும்: பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டனன்ஸ், ஃபாரின் டிரேடிங். ஒவ்வொன்றுக்கும் யூஸ் கேஸ் படம், கிளாஸ் படம், சீக்வென்ஸ் படம் வரைய வேண்டும். பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலை மிதித்திராத பிள்ளைகள், அதன் உள்வேலையைக் கட்டம் கட்டமாக வரைந்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினார்கள். வரையும் முறை கைவந்தது. யாருக்காக வரைகிறோம் என்ற கேள்வி எழவே இல்லை. அதே பழக்கம் ஃபைனல் இயருக்கும் தொடர்ந்தது. காசு கொடுத்தால் ஐஇஇஇ தலைப்பும் கோடும் ரிப்போர்ட்டும் சேர்த்துத் தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு முளைத்தன. மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடுகிற ஒன்றைக் காட்டினால் மார்க் என்று ஆக்கி வைத்தது யார்?

நடுவில் ஊர்ப்பக்கம் பெரிய மாற்றங்கள் நடந்தன. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. 2011-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப். 2021 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இவற்றில் லேப்டாப்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது என்பது என் கட்சி. ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணிக்குக் கோடு எழுதலாம் என்றானதும், லேப் சாவிக்காகக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது.

இன்று பைத்தான், ஃப்ளட்டர், ஃபயர்பேஸ். நாலு பேரின் வேலையும் கிட்ஹப்பில் ஒரே இடத்தில் இருக்கிறது. யார் எந்த வரியை எந்தத் தேதியில் எழுதினார் என்று அதுவே சொல்லிவிடும். கோடு எழுதாமல் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறையில் ப்ராஜெக்டுக்கு 6 கிரெடிட். 2017-இல் அது 10 ஆனது, வாரத்துக்கு 20 பீரியட். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. முன்பு ஒரு செமஸ்டர் முழுக்க இழுத்த லைப்ரரி மேனேஜ்மென்ட் இன்று ஒரு மத்தியானத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடுகிறதா என்ற கேள்விக்கு இனி மதிப்பில்லை; யாருக்குத் தேவை என்பதுதான் கேள்வி.

ஒரு மாணவர் பேட்ச் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இலங்கையில் ஒரு சாட்சி இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நான்கு இறுதியாண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை ‘சித்தி’. இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும் தகவல் ஓட்டத்தில் குறிப்பிட்ட ஒழுங்குகளை அந்தந்தக் கணமே கண்டுபிடிக்கும் எஞ்சின் அது. 2011-இல் ஆய்வுக் கட்டுரையானது. அந்த நால்வரில் தமிழரும் உண்டு. டபிள்யுஎஸ்ஓ2 நிறுவனம் அதைத் தன் தயாரிப்புக்குள் சேர்த்துக்கொண்டது; ஊபர் நிறுவனம் வரை அதைப் பயன்படுத்தியது. வைவா முடிந்ததும் அந்த வேலை அலமாரிக்குப் போகவில்லை. அதைத் தேவைப்பட்டு வாங்கிக்கொள்ள வெளியே ஆள் இருந்தார்கள் என்பதுதான் அதன் பலம்.

செஞ்சியிலும் ஆள் இருக்கிறார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து லாட்டாக இறக்குகிறார். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் மறைமுக ஏலத்தில் எழுதிப் போடுகிறார்கள். கூடுதலான விலை அறிவிக்கப்படுகிறது. எடை போட்டுப் பணம். இதை வீட்டிலிருந்தே ஒரு பேட்ச் ஆப்பாகச் செய்தால் இந்த நாலு படியும் அழகாக வந்துவிடும். ஆனால் அங்கே ஒரு நாள் நின்று பார்த்தால்தான் ஐந்தாவது கண்ணில் படும்: சொன்ன விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது அந்த லாட் என்ன ஆகும்? மறுநாள் ஏலத்துக்கு வருமா, வீட்டுக்குத் திரும்புமா, மழை வந்தால் மூட்டை எங்கே இருக்கும்? டேட்டாபேஸில் ‘விற்றது’, ‘விற்காதது’ என்று இரண்டே நிலை வைத்தவரின் டிசைன் அந்த இடத்தில் விழுந்துவிடும். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தில் ரிக்வயர்மென்ட் என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அது இதுதான். மூட்டை தூக்குகிறவரிடமும் எடை போடுகிறவரிடமும் கேட்டு வாங்க வேண்டியது.

கோட்டையும் அப்படித்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை ஏறியது. அதன் ராஜகிரி மலையில் ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டும் ஆப் ஒன்று தேவைதான். ஆனால் பாதி மலையில் சிக்னல் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதை ஏறிப் பார்த்தவர்தான் யோசிப்பார்.

கல்லூரிகளிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. மூன்று ரிவ்யூவில் முதலாவதைக் கல்லூரி செமினார் ஹாலில் வைக்காதீர்கள். அந்த ஆப்பைப் பயன்படுத்தப் போகிறவர் வேலை செய்யும் இடத்தில், அவரையும் உட்கார வைத்து நடத்துங்கள். கைடும் கூடப் போகட்டும். பவர்பாயின்ட் வேண்டாம், மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மார்க் போடுங்கள். செஞ்சிக்கு இதில் தோதும் இருக்கிறது. எட்டாம் செமஸ்டர் நடக்கும் அதே தை, மாசியில்தான் சம்பா நெல் அறுவடையாகி விற்பனைக்கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது.