மடியிலே ஒரு கணினி: படிப்புக்கா, விளையாட்டுக்கா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்துவிட்டால் நமது வீடுகளில் அடுத்த பேச்சு லெப்டொப் பற்றியதாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியும் பாயும் தலையணையும் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். இன்று விரிவுரைக் குறிப்பு முதல் ஒப்படை வரை எல்லாமே கணினியில். வாப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது, காதிலே கிடந்ததை விற்றது என்று பணம் ஒருவாறு சேர்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டின் அடுத்த பிள்ளை வாய் திறக்கும். "எப்படியும் வாங்கத்தானே போறீங்க உம்மா, கேம் விளையாடக் கூடியதாப் பாத்து வாங்குங்க. ராத்தாவுக்கும் உதவும், எனக்கும் உதவும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே செலவில் இரண்டு காரியம். ஆனால் ராத்தாவின் படிப்புக்கென்று சேர்த்த பணம் தம்பியின் விளையாட்டுக்கு வழிமாறுவதும் இந்த இடத்தில்தான். கடைக்காரருக்கும் விலை கூடியதை விற்பதில் விருப்பம் அதிகம். தம்பிக்குக் கணினியின் பெயர்களெல்லாம் தலைகீழ்ப் பாடம். உம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. ஆதலால் பேசாமல் இருந்துவிடுகிறார். பணத்தைச் சேர்த்தவர் பேசாமல் இருக்கும் இந்த நிலை எனக்கு அறவே பிடிப்பதில்லை. இது ஒன்றும் விளங்காத வித்தையல்ல. சமையலறை தெரிந்த எவருக்கும் விளங்கக் கூடியதுதான்.

தினமும் வீட்டுக்குச் சோறாக்கும் அடுப்பையும், கலியாண வீட்டில் சஹன் சாப்பாட்டுக்குப் புரியாணி அண்டா ஏற்றும் அடுப்பையும் நினைத்துப் பாருங்கள். சாதாரண லெப்டொப் வீட்டு அடுப்பு. எழுதுவது, படிப்பது, இணையத்தில் தேடுவது, சூம் வகுப்பில் அமர்வது ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே போதும். விளையாட்டுக்கான லெப்டொப்பில் வழமையான மூளையான செயலியுடன், படம் வரைவதற்கென்றே இரண்டாவது மூளையொன்று தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதனைக் கிராபிக்ஸ் கார்ட் என்பார்கள். விளையாட்டில் ஓடும் மனிதன், விழும் நிழல், பறக்கும் தூசி அனைத்தையும் நொடிக்கு 60 தடவையோ அதற்கு மேலோ புதிதாக வரைந்துகொண்டே இருப்பது அதன் வேலை. அந்த அண்டா அடுப்புக்கு எரிபொருள் கூட வேண்டும், வெப்பம் கூட வரும், பாரமும் விலையும் கூடும். தினமும் அதில் தேநீர் போடுவதா என்பதுதான் கேள்வி.

அண்டா அடுப்பு தேவைப்படும் படிப்புகளும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கப் போகும் மகளுக்கும், பொறியியல் பீடத்துக்குப் போகும் மகனுக்கும் முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருள்கள் வேண்டியிருக்கும். ஒட்டோகெட், பிளென்டர் போன்றவற்றுக்கு அந்த இரண்டாவது மூளை உண்மையிலேயே உதவும். காணொளி தொகுப்போருக்கும் அப்படியே. இங்கே படிப்பும் விளையாட்டும் ஒரே பெட்டியில் பொருந்திப் போகின்றன. தம்பி சொல்வது சரி. ஆனால் ஒலுவிலில் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழி பீடத்துக்கோ, கலை, சட்டம், வணிகம் படிக்கவோ போகும் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் பிள்ளையின் பீடத்தில் மூத்த மாணவர் ஒருவரிடம், முதல் இரண்டு வருடங்களில் என்ன மென்பொருள் பாவிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இனி, கடைக்காரர் சொல்லும் பெயர்களுக்கு வருவோம். "ஐ7 போட்டது" என்று சொன்னதும் பலரும் மயங்கிவிடுகிறார்கள். இன்டெல் நிறுவனத்தின் ஐ5, ஐ7 என்பவையும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5, ரைசன் 7 என்பவையும் தரத்தின் பெயர்கள்தான். ஆனால் அவற்றின் இலக்கத்துக்குப் பின்னால் நிற்கும் ஓர் எழுத்தையும் பார்க்க வேண்டும். 'யூ' என்றிருந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பது. பெட்டரி நேரம் நிற்கும். 'எச்' என்றிருந்தால் பலமானது, சூடாகும். அதிக நேரம் பாரமான வேலை செய்யும்போது 'எச்' கொண்ட ஐ5, 'யூ' கொண்ட ஐ7ஐ முந்திவிடுவது வழமை. இலக்கத்தின் ஆரம்பம் தலைமுறையைக் காட்டும். 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 1135 என்றால் 11ஆம் தலைமுறை. பழைய ஐ7ஐ விடப் புதிய ஐ5 மேலானதாக இருப்பது சாதாரணம். 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இன்டெல் தன் புதிய செயலிகளுக்குக் கோர் அல்ட்ரா என்று பெயரிடத் தொடங்கியதால் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டில் இதைவிடப் பெரிய சூட்சுமம் உண்டு. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050 என்பதில் 6 ஜிகாபைட் தனி நினைவகமும், 4060 என்பதில் 8 ஜிகாபைட்டும் இருக்கும். இலக்கம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு லெப்டொப்களில் அவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரே 4060ஐ 35 வோட்டிலிருந்து 115 வோட் வரை எந்த அளவில் ஓட்டுவது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்க என்விடியா இடம் வைத்திருக்கிறது. மெல்லிய அழகான உடம்புக்குள் இருப்பது குறைந்த வோட்டில் ஓடும். தடித்த உடம்புக்குள் இருப்பது கூடிய வோட்டில் ஓடும். விலைப்பட்டியலில் இதனைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். "இதிலே கார்டுக்கு எத்தனை வோட்?" என்று ஓர் உம்மா கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். பார்க்கட்டுமே!

நினைவகம் 16 ஜிகாபைட்டுக்குக் குறைய வேண்டாம். 8 ஜிகாபைட்டில் எழுத்து வேலை ஓடும், விளையாட்டு திணறும். அந்த 16, இரண்டு எட்டுத் துண்டுகளாக இருந்தால் ஒரே துண்டாக இருப்பதை விட வேகமாக வேலை செய்யும். பின்னர் கூட்டிக்கொள்ள இடமுண்டா, பலகையோடு ஒட்டியதா என்றும் கேட்க வேண்டும். ஒட்டியதென்றால் வாங்கிய அன்றைய அளவுதான் கடைசி வரைக்கும். சேமிப்பகம் எஸ்எஸ்டி வகையாகவே இருக்கட்டும். 512 ஜிகாபைட் படிப்புக்குத் தாராளம். ஆனால் இன்றைய பெரிய விளையாட்டுகளில் சில தனியொன்றே 100 ஜிகாபைட்டைத் தின்றுவிடும். அப்படி மூன்றை ஏற்றினால் ராத்தாவின் ஆய்வுக் கட்டுரைக்கு இடமிருக்காது!

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 144 ஹேர்ட்ஸ் என்பது நொடிக்கு 144 தடவை திரை புதுப்பிக்கப்படுவதைக் குறிக்கும். விளையாடுபவருக்கு அது இன்பம். கட்டுரை எழுதுபவருக்கு 60ஏ போதும். எழுத்துத் தெளிவும் வெளிச்சமும்தான் கண்ணுக்கு முக்கியம். விலை குறைந்த விளையாட்டு லெப்டொப்களில் வேகத்தைக் காட்டிவிட்டு, வெளிறிய நிறமுள்ள திரையைப் பொருத்திவிடுகிறார்கள். கடையில் ஒரு புகைப்படத்தைத் திறந்து, பக்கவாட்டிலிருந்தும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாரம்தான் பெண்பிள்ளைகளுக்கு உண்மையான சங்கடம். விளையாட்டு லெப்டொப் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல். அதன் சார்ஜர் செங்கல் போல அரைக் கிலோவைத் தாண்டும். நெரிசலான பஸ்ஸில் ஏறி இறங்கும் மகளின் தோளில் அதனைத் தொங்கவிட்டுத்தான் வாப்பா மனநிறைவடைகிறார். மெல்லிய சாதாரண லெப்டொப் ஒன்றரைக் கிலோவுக்குள் கிடைக்கும். பெட்டரி விடயத்திலும் வித்தியாசம் பெரிது. சிக்கனமான லெப்டொப் ஒரு நாள் விரிவுரைக்குத் தாக்குப்பிடிக்கும். மற்றது எழுத்து வேலைக்கே பிற்பகலில் சார்ஜர் தேடவைக்கும். விளையாடினால் ஒன்று இரண்டு மணித்தியாலம்தான். அத்துடன் மின்னிணைப்பு இல்லாதபோது அந்தக் கார்ட் தன் முழு வலுவைக் காட்டுவதுமில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று எந்த லெப்டொப் உதவியது என்று அந்த வருடம் படித்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

மின்கட்டணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எழுதும்போது ஒரு லெப்டொப் ஏறக்குறைய 20 வோட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 3 மணித்தியாலம் என்றால் மாதம் 2 அலகுக்குள் அடங்கும். அதே 3 மணித்தியாலம் 150 வோட்டில் விளையாடினால் மாதம் 13 அலகைத் தாண்டும். நமது மின்பட்டியல் கட்டம் கட்டமாக ஏறுவது. எல்லையில் நிற்கும் வீட்டை இந்தப் பதின்மூன்று அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடலாம்.

சூடு இன்னொரு விடயம். விளையாடும்போது உள்ளேயுள்ள செயலி 90 பாகையைத் தொடுவது சாதாரணம். அந்த வெப்பம் வெளியேற அடியிலும் பக்கத்திலும் துவாரங்கள் இருக்கின்றன. கட்டில் மெத்தையிலோ தலையணையிலோ வைத்து விளையாடினால் துவாரம் அடைபடும். மடிக்கணினி என்று பெயர் இருந்தாலும் விளையாடும் நேரத்தில் மடியில் வைப்பதற்கல்ல; மேசையில்தான் வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து விசிறியை அடைத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்ய வேண்டும்.

பாவித்த லெப்டொப் வாங்குவதில் தவறில்லை. பலருக்கு அதுவே நல்ல வழி. ஆனால் வின்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் அளித்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்துவிட்டது. வின்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்க இன்டெல் செயலியென்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் குறையாதிருக்க வேண்டும். "ஐ7, மலிவு" என்று ஆறாம் ஏழாம் தலைமுறையைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் இப்போது அதிகம். மேலே சொன்ன இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குப் பாவித்ததென்றால் பல வருடம் சூட்டில் வெந்தது. இன்னும் கவனம் வேண்டும்.

வளைகுடாவிலிருந்து நானா கொண்டுவரும் லெப்டொப்பில் விசைகளில் அரபெழுத்தும் பொறித்திருக்கும். மத்ரஸாப் பிள்ளைகளுக்கு அது வசதிதான். எழுத்துப் பொறிக்காவிட்டாலும் வின்டோஸில் அரபையும் தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது வேறு விடயம். கவனிக்க வேண்டியது உத்தரவாதம். அங்கே வாங்கியதற்கு இங்குள்ள முகவர் பொறுப்பேற்பாரா என்பதை வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டையும் கையோடு கொண்டுவரட்டும்.

விலையை இங்கே எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வருமுன் மாறிவிடும். 2022இன் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனது. இரண்டு இலட்சப் பொருள் மூன்றரை இலட்சம் ஆனது. தவணைக்கு வாங்குவோர் "மாதம் எவ்வளவு?" என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். "மொத்தம் எவ்வளவு, பிந்தினால் என்ன கூட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். தவணைக்கு ஒரு விலையை முன்கூட்டியே முடிவாகப் பேசி, அதில் மாற்றமின்றி வாங்குவதைப் பெரும்பான்மையான இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். பிந்தப் பிந்தக் கூடிக்கொண்டு போவது வட்டி. ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தை வாசித்துவிட்டே கையொப்பமிடுங்கள்.

தம்பியை வெறுங்கையோடு அனுப்பச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இப்போது தனிக் கார்ட் இல்லாத லெப்டொப்களிலும், செயலிக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் முன்னேறியிருக்கிறது. ரைசனின் புதிய செயலிகளிலும் கோர் அல்ட்ராவிலும் மைன்கிராப்ட், வெலரன்ட் போன்றவை நன்றாகவே ஓடும். ராத்தா விடுமுறைக்கு வரும்போது அவன் விளையாடிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், பின்னர் அவனுக்கென்று ஒரு மேசைக்கணினி வாங்கலாம். அதே வலு அதில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். எல்லாவற்றையும் விட, அது கூடத்தில் எல்லோர் கண்முன்னும் இருக்கும். ஓர் உம்மாவுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

என்ன விளையாடுகிறான் என்பதையும் பார்க்க வேண்டுமே. ஐரோப்பியப் பெட்டிகளில் 3, 7, 12, 16, 18 என்று வயது அச்சிடப்பட்டிருக்கும். மைன்கிராப்டுக்கு 7, ஜிடிஏ 5க்கு 18. பதின்மூன்று வயதுப் பையன்கள் பலர் இரண்டாவதைத்தான் விளையாடுகிறார்கள். காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பெட்டி திறக்கும் விளையாட்டுகளும் உண்டு. அது சூதுக்குப் பக்கத்து வீடு. வாப்பாவின் வங்கி அட்டை இலக்கத்தை அவற்றில் பதிந்து வைக்காதீர்கள். விளையாட்டை நிறுத்த முடியாமல் படிப்பும் தூக்கமும் கெடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வின்டோஸிலேயே குடும்பப் பாதுகாப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்து, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்று நீங்களே வரையறுக்கலாம். கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும்.

வாங்கும் அன்று மகளையும் அழைத்துச் செல்லுங்கள், அவளுடைய பொருள். பணம் கொடுக்குமுன் விசைகள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கட்டும். வின்டோஸ் அசலா, உடைத்துப் போட்டதா என்று கேட்கட்டும். உடைத்துப் போட்டதோடு வைரஸும் சேர்ந்து வரலாம். அடியில் உள்ள தொடரிலக்கமும் பற்றுச்சீட்டில் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். பற்றுச்சீட்டை அவள் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்.