சி மொழியா, அசெம்பிளி மொழியா?

சலவை எந்திரத்திலும், மின்சார மீட்டரிலும், தொலைக்காட்சி ரிமோட்டிலும் விரல் நகத்தளவே ஆன சில்லு ஒன்று அமர்ந்து பணியாற்றுகிறது. செயலகம், நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு வழிகள் ஆகிய யாவும் தன்னுள் அடங்கிய அச்சில்லினை மைக்ரோ கன்ட்ரோலர் என்பர்; நாம் நுண்கட்டுப்படுத்தி என்போம். அதற்குரிய நிரலைச் சி மொழியில் எழுதுவதா, அசெம்பிளி மொழியில் எழுதுவதா என்பது மின்னணுவியல் பயிலும் மாணவர் பலருக்கும் எழும் வினா. அதற்கு விடை காண முயல்வோம்.

எந்திரம் அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே. அவ்வெண் கோவைகளுக்கு மாற்றாகச் சுருக்கச் சொற்களைத் தருவது அசெம்பிளி. பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஓர் ஆணை. ஆதலின் சில்லின் குடும்பம் மாறினால் மொழியும் மாறிவிடும். சி மொழியோ, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அதன் ஒரு வரியைக் கம்பைலர் எனும் நிரல்பெயர்ப்பி பல ஆணைகளாக விரித்துத் தரும்.

முன்னாளில் அசெம்பிளி ஓங்கியிருந்தமைக்குக் காரணம் இடப்பற்றாக்குறை. 1980-இல் வெளிவந்த இன்டெல் 8051 சில்லில் நிரலுக்கு 4 கிலோபைட், மாறும் தரவுகளுக்கு 128 பைட் மட்டுமே இருந்தன. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் எனக் கொண்டால், 128 எழுத்துகளுக்கே இடமுண்டு! பின்னாளில் ஆர்டுயினோ பலகையால் புகழ்பெற்ற அட்மெகா 328 சில்லில் 32 கிலோபைட்டும் 2 கிலோபைட்டும் வாய்த்தன. இடம் பெருகவே, சி மொழியும் எளிதாக நுழைந்தது.

சி மொழியின் முதற்பயன் பிழை குறைதல். 8 பிட் சில்லில் இரு பெரிய எண்களைக் கூட்ட, கீழ்ப்பகுதியை முதலில் கூட்டி, மிகுவதை மேற்பகுதியில் சேர்க்க வேண்டும். அசெம்பிளியில் அதனை மறந்தால் 255-உடன் 1 கூட்டுங்கால் விடை 0 ஆகும். சி மொழியில் ஒரு கூட்டற்குறி போதும். இரண்டாவது பயன், இடம் பெயரும் எளிமை. 2021-இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நிலவியபோது, கிடைத்த வேறு சில்லுக்கு மாற வேண்டிய நிலை பல தொழிலகங்களுக்கு ஏற்பட்டது. சி நிரலாயின் சில்லைச் சார்ந்த பகுதிகளை மட்டும் திருத்தலாம்; அசெம்பிளி நிரலாயின் வேறு குடும்பச் சில்லுக்கு முற்றிலும் புதிதாக எழுத வேண்டும்.

அவ்வாறாயின் அசெம்பிளி வேண்டாவோ? வேண்டும். வண்ண விளக்குச் சரங்களில் உள்ள டபிள்யூ.எஸ்.2812 எனும் எல்.இ.டி. விளக்கு, ஒரு பிட்டை 1.25 மைக்ரோ வினாடியில் பெறுகிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 0.4 மைக்ரோ வினாடி உயர்ந்து நின்றால் அது 0, 0.8 நின்றால் 1. 16 மெகாஹெர்ட்ஸ் சில்லில் 1.25 மைக்ரோ வினாடி என்பது 20 துடிப்புகளே. துடிப்பை எண்ணி எழுதும் இத்தகைய இடத்தில் அசெம்பிளியே துணை. சி மொழியில் காலம் கடத்துவதற்கென எழுதும் வெற்றுச் சுழலை, பயனற்றது எனக் கருதி நிரல்பெயர்ப்பி நீக்கிவிடவும் கூடும்.

இன்னுமொரு நுட்பம் நோக்கத்தக்கது. குறுக்கீடு ஒன்று 16 பிட் எண்ணியைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது; முதன்மை நிரல் அதனைப் படிக்கிறது. சி மொழியில் இப்படித்தல் ஒரே வரி. 8 பிட் சில்லிலோ இரண்டு படிகள். எண்ணி 255 ஆக இருக்கையில் கீழ்ப்பகுதியாகிய 255 படிக்கப்படுகிறது. அக்கணமே குறுக்கீடு புகுந்து எண்ணியை 256 ஆக்கிவிடுகிறது. மேற்பகுதி 1 ஆகிறது. அதனையும் படித்துச் சேர்த்தால் கிடைப்பது 255 அன்று, 256-உம் அன்று, 511! படிக்கும் கணத்தில் குறுக்கீட்டை நிறுத்திவைப்பதே தீர்வு. நோயாளிக்கு மருந்து செலுத்தும் கருவியில் இப்பிழை நேருமாயின் உயிர்க்கே ஊறாம். சி வரிகளை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இப்பிழை எளிதில் புலப்படாது. அசெம்பிளி அறிந்தவர் இரண்டு படிகளையும் காண்பார்.

ஆதலின் நம் முடிவு இதுவே: எழுதுவதற்குச் சி மொழியைக் கொள்வோம், படிப்பதற்கு அசெம்பிளியைக் கற்போம், துடிப்பெண்ணும் இடங்களிலும், இடம் அறவே போதாத சில்லுகளிலும் மட்டும் அசெம்பிளியில் எழுதுவோம். நாளை நம் நிரலைத் திருத்த வருபவர் வேறொருவராய் இருப்பார். அவர்க்கு விளங்குமாறு எழுதுதலும் பொறியாளர் கடனே.