டாக்டர்தான் முதல்ல கேட்கணும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில வேலப்பன்சாவடியை எடுத்துக்குவோம். ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரி, சவீதா பல் மருத்துவக் கல்லூரின்னு பெரிய இடங்கள் அங்கேயே இருக்கு. ஆனாலும் சளி, காய்ச்சல், சுகர், பிபின்னா ஜனங்க முதல்ல போறது தெருமுனை கிளினிக்குக்குத்தான். டோக்கன் போட்டு உட்கார்ந்து, உள்ளே போனா சில நிமிஷம். அந்த நேரத்துல தாம்பத்திய சிக்கல் நேரடியா பேச்சுல வர்றது அபூர்வம். ஆம்பளைங்க 'நரம்புத் தளர்ச்சி', 'அசதி'ன்னு ஆரம்பிப்பாங்க. பொம்பளைங்க 'இடுப்பு வலி'யோட நிறுத்திப்பாங்க. சத்து மாத்திரையோட கதை முடிஞ்சிடும். நோயாளி வாய் திறக்கட்டும்னு குடும்ப டாக்டர் காத்திருக்கக் கூடாது, அவர்தான் முதல்ல கேட்கணும். அது ஏன்னு இந்தக் காணொளியில சொல்றேன்.

இது வெறும் சந்தோஷம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. ஐ.சி.எம்.ஆர். 2023-ல வெளியிட்ட ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14 சதவீதத்துக்கும் மேல சர்க்கரை நோய் இருக்கு. சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் சேர்த்தே கெடுக்கும். ஆணுறுப்புக்குப் போற ரத்தக் குழாய் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போறது மூணு நாலு மில்லிமீட்டர். அடைப்பு சேரும்போது சின்னக் குழாய்தான் முதல்ல காட்டிக் கொடுக்கும். அதனாலதான் விறைப்புக் குறைவு வந்த பலருக்கு, ரெண்டுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள இதய நோய் வெளியே வருதுன்னு ஆய்வுகள் சொல்லுது. அதாவது டாக்டர் கேட்காம விட்ட ஒரு கேள்வி, மாரடைப்புக்கு முன்னாடி கிடைச்சிருக்க வேண்டிய ஒரு எச்சரிக்கை. இன்னொரு பக்கமும் இருக்கு. பிபிக்குத் தர்ற தயாசைடு, பழைய பீட்டா பிளாக்கர், மனச்சோர்வுக்குத் தர்ற சில மாத்திரைகள், இதெல்லாம் ஆசையையும் விறைப்பையும் குறைக்கலாம். அதை யாரும் விளக்கலைன்னா, நோயாளி சத்தமில்லாம மாத்திரையை நிறுத்திடுவார். பிபி ஏன் ஏறுதுன்னு தெரியாம டாக்டர் டோஸை ஏத்திட்டே இருப்பார். இல்லேன்னா நோயாளி மெடிக்கல் ஷாப்புல சில்டெனாஃபில் வாங்கிப் போட்டுப்பார். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் அவர் எடுக்கிறவரா இருந்தா, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகிற அளவுக்கு இறங்கிடும்.

டாக்டர் பேசாத இடத்துல வேற யாரோ பேசறாங்க. பஸ் ஸ்டாண்டு சுவர் போஸ்டர், ராத்திரி டிவி நிகழ்ச்சி, மாசம் ஒரு தடவை லாட்ஜுல ரூம் போடற வைத்தியர். பாலின்பத் திறனைக் கூட்டறதா விளம்பரம் பண்றதை 1954-லேயே மத்திய சட்டம் தடை பண்ணிடுச்சு. எழுபது வருஷம் கழிச்சும் அந்த வியாபாரம் நிக்கலை. பயம் அப்படியே இருக்கிறதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். விந்து போனா உடம்பே உருக்குலைஞ்சிடும்ங்கிற பயத்தால வர்ற சோர்வு, படபடப்புக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல 'தாத் சிண்ட்ரோம்'னு பேர் வச்சார். சொப்பன ஸ்கலிதமோ கைப்பழக்கமோ உடம்பைக் கெடுக்காதுன்னு நம்பிக்கையான டாக்டர் ஒருத்தர் பொறுமையா சொன்னா, பல இளைஞர்களோட பயம் அங்கேயே குறையும். அதே இளைஞன் லாட்ஜுக்குப் போனா, பணமும் போய் பயமும் கூடித்தான் திரும்புவான்.

'கூட்டம் நிக்குது, இதுக்கு எங்கே நேரம்?'னு டாக்டர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனா எல்லாத்தையும் அந்த நிமிஷமே தீர்க்கணும்னு யாரும் கேட்கலை. அமெரிக்க உளவியலாளர் ஜாக் அனான் 1976-ல சொன்ன முறையில முதல் படி, 'இதைப் பத்தி இங்கே பேசலாம்'னு அனுமதி கொடுக்கிறது மட்டும்தான். அடுத்தது கொஞ்சம் விளக்கம், அப்புறம் குறிப்பான யோசனை. அதையும் தாண்டிக் கடைசிப் படி வரைக்கும் போறவங்க கொஞ்சம் பேர்தான். அவங்களை நிபுணர்கிட்ட அனுப்பலாம். 'கேட்டா கோவிச்சுப்பாங்க'ங்கிறது அடுத்த பதில். ஆனா 1999-ல அமெரிக்காவுல நடந்த ஒரு கருத்துக் கணிப்புல 71 சதவீதம் பேர், நாங்க சொன்னா டாக்டர் அலட்சியம் பண்ணுவார்னுதான் பயந்தாங்க. 'சுகர் இருக்கிற நிறைய பேருக்கு இந்தத் தொந்தரவு வரும். உங்களுக்கு எப்படி இருக்கு?'ன்னு கேட்டா, அதுல யாருக்கும் அவமானம் இல்லை.

பொம்பளைங்க விஷயத்துல இது இன்னும் கடினம்னு ஒத்துக்கிறேன். பக்கத்துல கணவரோ மாமியாரோ உட்கார்ந்திருப்பாங்க. எதிர்ல ஆண் டாக்டர். வெளியே இருக்கிற கம்பவுண்டர் அதே தெருக்காரர். அதனால தனியா பேசறதை நோயாளி கேட்டு வாங்கற சலுகையா வைக்காம, கிளினிக்கோட வழக்கமாவே ஆக்கணும். யார் வந்தாலும் கொஞ்ச நேரம் கூட வந்தவங்க வெளியே, நர்ஸ் உள்ளே. அப்பதான் மாதவிடாய் நின்ன பிறகு வர்ற வறட்சி, உறவின்போது வலி, சர்க்கரை கூடினதால வர்ற பூஞ்சை அரிப்பு இதெல்லாம் வெளியே வரும். வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினைத் தொற்று இல்லை. ஆனா பால்வினைத் தொற்றுன்னு தெரிஞ்சா கணவருக்கும் சேர்த்தே மருந்து கொடுக்கணும், இல்லேன்னா மனைவிக்குத் திரும்பத் திரும்ப வரும். தெருமுனையில பேசவே முடியலைன்னா, அரசு மருத்துவமனைகள்ல பால்வினைத் தொற்றுக்கு இலவச சிகிச்சை இருக்கு.

உங்க டாக்டர் இன்னும் கேட்கலையா? அடுத்த தடவை சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, கடையில நீங்களா வாங்கினதையும் சேர்த்து. உட்கார்ந்ததும், காய்ச்சல் கதைக்கு முன்னாடியே, 'தனியா ஒரு விஷயம் பேசணும் டாக்டர்'னு சொல்லிடுங்க.