43 முகங்களைத் தேடும் கமரா

காணாமல் ஆக்கப்பட்டோரின் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிவிட்ட சமூகம் நாங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது கைகளில் இருந்தவையும் அந்தப் படங்கள்தான். வீதியால் போகிறவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு கடந்துபோய்விடுவார்கள். அந்தப் பார்வையை ஒரு நிமிடமாவது நிறுத்திவைக்க என்ன வழி என்று யோசிக்கும்போது, மெக்சிக்கோவில் பிறந்த கலைஞர் ரஃபாயல் லொசானோ-ஹெம்மரின் ஒரு படைப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது.

2014 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, மெக்சிக்கோவின் குரேரோ மாநிலத்தில் இகுவாலா நகரில், அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் சென்ற பஸ்களைப் பொலிஸார் மறித்தார்கள். அன்று 43 மாணவர்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். சரியாக ஆறு மாதம் கழித்து, 2015 மார்ச் 26 அன்று, லொசானோ-ஹெம்மர் 'நம்பிக்கையின் அளவு' என்று பொருள்படும் பெயரில் ஒரு டிஜிட்டல் படைப்பை வெளியிட்டார்.

அதற்குத் தேவையானவை ஒரு கணினி, ஒரு திரை, ஒரு கமரா. முகங்களை அடையாளம் காணும் மென்பொருளுக்கு அந்த 43 முகங்களும் முன்கூட்டியே பழக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் கமராவின் முன் நின்றதும், உங்கள் முகத்தின் ஒளி நிழல் அமைப்பை அது எண்களாக்கி, ஒவ்வொரு மாணவரின் முகத்தோடும் ஒப்பிடுகிறது. யாருடைய சாயல் உங்களிடம் அதிகமோ அவருடைய முகம் திரையில் வருகிறது. எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவும் வருகிறது. ஆனால், தேடியவர் கிடைத்துவிட்டார் என்று அது ஒருபோதும் சொல்லாது. அடுத்தவர் வந்து நின்றால் மறுபடியும் தேடத் தொடங்கும்.

சுவரில் மாட்டிய ஓவியம் யாரும் பார்க்காவிட்டாலும் ஓவியம்தான். இந்தப் படைப்போ பார்வையாளர் வந்து நின்றால்தான் முழுமையாகிறது. இதைத்தான் ஊடாடும் கலை என்கிறார்கள். பார்க்க வந்தவரின் முகமே தேடலுக்குள் போய்விடுகிறது. காணாமல் போன பிள்ளை யாரோ ஒருவரின் பிள்ளை அல்ல, என் சாயலில் இருப்பவன் என்று அவருக்குத் தெரிகிறது.

முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம் பெரும்பாலும் அரசுகளின் கையில், சந்தேக நபர்களைத் தேடும் கருவியாக இருக்கிறது. இங்கே அது பாதிக்கப்பட்டவர்களைத் தேடுகிறது. போராட்டத்துக்குப் போனாலே யாராவது படம் எடுக்கும் மண்ணில் வாழும் எங்களுக்கு, இந்த மாற்றத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை.

இதே கலைஞர் 2008இல் வேறு ஊடகங்களைக் கையிலெடுத்தார். 1968 ஒக்டோபர் 2ஆம் திகதி மெக்சிக்கோ நகரின் ட்லட்டெலொல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் 40ஆவது ஆண்டு நினைவாக அதே இடத்தில் ஓர் ஒலிபெருக்கியை வைத்தார். யாரும் வந்து பேசலாம், தணிக்கை இல்லை. குரல் உயர்ந்தால் தேடொளி விளக்கு பிரகாசிக்கும், மௌனமானால் அணையும். அந்த ஒளி நகரத்தின் வானில் தெரிந்தது, பேசியது பல்கலைக்கழக வானொலியில் நேரடியாக ஒலித்தது.

'நம்பிக்கையின் அளவு' மென்பொருளை இலவசமாகத் தரவிறக்கலாம், நிரலையும் மாற்றியமைக்கலாம். எங்கள் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இது எட்டாத வேலை அல்ல. ஆனால், இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பேன். ஒன்று, அந்தப் புகைப்படங்கள் குடும்பங்களுக்கு உரியவை. அவர்கள் கேட்டு, பார்த்து, சம்மதித்த பிறகே ஒரு படமும் கணினிக்குள் போகவேண்டும். மற்றது, கமரா முன் நிற்பவரின் முகம் எங்கும் சேமிக்கப்படக்கூடாது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் கலை என்ற பெயரில் இன்னொரு கண்காணிப்புத்தான் நடக்கும்.

இப்படியான கலை யாரையும் கண்டுபிடித்துத் தராது. பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது அரசு. அந்தக் கேள்வியைத் தாய்மார் மட்டும் சுமக்காமல், கடந்துபோகிறவரையும் சேர்ந்து சுமக்க வைக்க இந்தக் கலையால் முடியும்.