கைக்கெட்டும் தூரம்

மட்டாஞ்சேரிக்கு நான் வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பிறருக்கு அறிவுரை சொல்லும் அளவுக்கு நான் எதையும் சாதித்துவிடவில்லை. ஆயினும் என் வீட்டில் நடந்த ஒரு தவறும், அதை நாங்கள் திருத்திக்கொண்ட விதமும் சங்க அன்பர்கள் சிலருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு, அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்த என் தாயாரை இங்கே அழைத்து வந்தோம். ஊரில் இருந்தவரை காலையில் காப்பி இல்லாவிட்டாலும் தமிழ் நாளிதழ் இல்லாமல் இருக்கமாட்டார். ஆனால் இங்கு வருவதற்குள் சர்க்கரை நோய் அவர் பார்வையை மங்கச் செய்திருந்தது. பெரிய எழுத்துத் தலைப்புகள் மட்டும் நிழலாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளைக் கூப்பிட்டு, “ஆச்சிக்குப் பேப்பர் வாசித்துக் காட்டு” என்றேன்.

அவள் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள். பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் நல்ல மதிப்பெண். தமிழ் எழுத்துகளைச் சின்ன வயதில் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் நாளிதழைக் கையில் எடுத்ததும் எழுத்தெழுத்தாகத் தடுக்கி விழுந்தாள். நாலு வரி முடிவதற்குள் நான் பொறுமையிழந்து, “உனக்குத் தாய்மொழியில் அக்கறையே இல்லை” என்று கத்திவிட்டேன். அவள் பேப்பரை வைத்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பிள்ளைய ஏசாத. இந்த வீட்டுல அவ கண்ணுல தமிழ் எங்க படுது?” என்று கேட்டார்.

நான் சுற்றிப் பார்த்தேன். சுவரில் மலையாள நாட்காட்டி. மேசையில் ஆங்கிலப் பாடநூல்கள். எதிரே தொலைக்காட்சிப் பெட்டி. தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன, பரணில், அட்டைப் பெட்டிக்குள். அதே பெட்டியில்தான் அஞ்சல் வழியில் பட்டம் வாங்க நான் இருமுறை சேர்ந்து இருமுறையும் பாதியில் விட்ட பாடநூல்களும் கிடந்தன. அக்கறை இல்லை என்று மகளைச் சொன்னேனே, என் அக்கறை எங்கே கிடந்தது?

கல்லும் கயிறும்

இந்த யோசனை மனத்தில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தின் அருகே உள்ள தோபிகானாவுக்கு ஒரு வேலையாகப் போக நேர்ந்தது. நம்மில் பலருக்கும் தெரிந்த இடம்தான். அங்கே துவைக்கும் குடும்பங்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தார். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளைத் துவைப்பதற்காக முன்னோர்கள் அழைத்து வரப்பட்டார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இப்போதுள்ள தோபிகானாவை 1976ஆம் ஆண்டு கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. வண்ணார் சங்கம் அதை நடத்தி வருகிறது.

அங்கு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிசையாகத் துவைக்கும் அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கல், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. பின்னால் வெயில் விழும் திறந்த வெளி. அங்கே கட்டிய கொடிகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் முனையை அந்த முறுக்கின் இடையே செருகிவிட்டால் போதும், காற்றில் பறக்காது, கிளிப் தேவையில்லை. காய்ந்ததும் ஒரு இழுப்பில் வந்துவிடும். உள்ளே இஸ்திரி போடும் பொதுக்கூடம். துவைப்பது முதல் மடிப்பது வரை வேலை தானாக ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகரும்படி அந்த வளாகம் அமைந்திருக்கிறது.

அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம், “இந்த வயதிலும் தினமும் எப்படி அண்ணாச்சி முடிகிறது?” என்று கேட்டேன். “மனசு சில நாள் வராது சார். ஆனா கல்லு முன்னாடி வந்து நின்னுட்டா கை தானா போயிரும்” என்றார்.

மனம் வராத நாளிலும் கை போவதற்கு ஓர் இடம் வேண்டும். இவ்வளவுதான் விஷயம். நாமோ மனத்தைத்தான் எப்போதும் திருத்தப் பார்க்கிறோம், இடத்தைத் திருத்த நினைப்பதில்லை. வள்ளுவர் 45, 46ஆம் அதிகாரங்களைப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘சிற்றினம் சேராமை’ என்று அடுத்தடுத்து வைத்ததிலும், மனிதன் தன்னைச் சூழ்ந்திருப்பதைப் பொறுத்தே அமைகிறான் என்ற எண்ணம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இடம் கெடுக்கவும் செய்யும்

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் மட்டாஞ்சேரியே நமக்குக் காட்டியிருக்கிறது. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்ற முறை இருந்தது. வேலை தேடி வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை எறிவார்கள். எறிந்த வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவன் வீட்டில் அடுப்பெரியாது. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள், ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடித்தவர்கள், அந்த வில்லைக்காக ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கெட்டவர்களா? இல்லை. அந்த ஏற்பாடு அவர்களை அப்படி ஆக்கியது. அதை எதிர்த்து அதே தொழிலாளர்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். பின்னர் அந்த முறை ஒழிந்தது. பெயரைப் பதிவு செய்து முறைப்படி வேலை கிடைக்கும் ஏற்பாடு வந்தது. வில்லைக்காக அடித்துக்கொண்ட அதே கைகள் வரிசையில் நின்று வேலை வாங்கின.

வீட்டிலும் சிறிய அளவில் சாப்பா உண்டு. ஒரே மேசை, ஒரே விளக்கு, மூன்று பிள்ளைகள் என்றால் அங்கே தினமும் சண்டைதான். “ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்?” என்று அவர்களைக் கேட்பதை விட, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மூலை என்று வகுத்துக் கொடுப்பது மேல்.

பூட்டிய பீரோ

அந்தக் காலத்தில் எங்கள் தமிழ் அன்பர்கள் கூடும் அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. நன்கொடையாக வந்த நல்ல தமிழ்ப் புத்தகங்கள் அதில் இருந்தன. சாவி பொறுப்பாளர் வீட்டில். புத்தகம் வேண்டுமென்றால் அவரைத் தேடிப் போக வேண்டும். அவர் வெளியூர் போயிருந்தால் சாவியும் போயிருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் வருத்தப்படுவோம், “இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை” என்று. சில ஆண்டுகள் அந்தச் சாவி என் வீட்டு ஆணியிலும் தொங்கியது. ஆகவே இந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

நம் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். லண்டன் சென்று அங்குள்ள நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்து, வாசகர்களே அலமாரி வரை நடந்து போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கும்படி செய்தார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்தே வைத்திருந்தார்கள். அந்த மனப்பான்மைக்கு நேர் எதிராக, நூல்கள் இருப்பது பயன்படுவதற்கே என்பதை 1931ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போன நடமாடும் நூலகமும் தொடங்கியது. ஆள் புத்தகத்திடம் வராவிட்டால் புத்தகம் ஆளிடம் போகட்டும் என்ற நல்ல எண்ணம்.

நாங்களும் பேசி முடிவெடுத்து பீரோக் கதவுகளைக் கழற்றிவிட்டோம். கீழ்த்தட்டில் சிறுவர் புத்தகங்கள், அவர்கள் உயரத்துக்கு. பக்கத்தில் ஒரு பாய், ஒரு நோட்டு, நூலால் கட்டிய ஒரு பேனா. எடுப்பவர் தாமே பெயர் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். முதல் ஆண்டில் ஏழு புத்தகங்கள் காணாமற்போயின. சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் ஒரு புத்தகமும் காணாமற்போகவில்லை என்றால், ஒரு புத்தகமும் வெளியே போகவில்லை என்பதுதானே காரணம்?

வீட்டில் செய்தது

இனி வீட்டுக் கதை. முதலில் நான் ஆர்வக் கோளாறில் தொலைக்காட்சியை அடியோடு நிறுத்தினேன். ஒரு வாரத்தில் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்தாள். தடுப்பதால் மட்டும் பயனில்லை, நல்லதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று புரிந்தது.

பிறகு மூன்று காரியங்கள் செய்தோம். தொலைக்காட்சியை உள்ளறைக்கு மாற்றினோம். அது இருந்த இடத்தில் பழைய சாக்குக் கட்டில் ஒன்றைப் போட்டு, அருகே விளக்கும் ஒரு தட்டும் வைத்தோம். தோப்பும்படியிலிருந்து நான் வாங்கி வரும் தமிழ் நாளிதழ் அந்தத் தட்டுக்குத்தான் போகும். மூன்றாவதுதான் முக்கியம். அம்மாவின் இருப்பிடத்தை மாற்றினோம். உள்ளறை மூலையில் இருந்தவர் இப்போது அந்தக் கட்டிலில், எல்லோரும் வந்து போகும் வழியில். யாரையும் வாசிக்கச் சொல்லக்கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, பள்ளியிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த மகள், “ஆச்சி, இது ‘மழை’யா ‘மலை’யா?” என்று தானே கேட்டாள். அடுத்த மாதம் தலைப்புகள். ஆறு மாதத்தில் முழுச் செய்தி. அம்மா மறையும் வரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, மாலையில் அரைமணி நேரம் அந்த வாசிப்பு நடந்தது. கடைசி நாட்களில் அம்மாவுக்குச் செய்தி எதுவும் மனத்தில் தங்கவில்லை. “வாசி, நீ வாசிக்கிறது கேட்டாப் போதும்” என்பார். நான் கத்திய அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் முடிந்திருந்தால் என் தாயாரும் மகளும் எவ்வளவு இழந்திருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த விளக்கின் கீழேதான் நானும் என் பாடநூல்களைப் பரணிலிருந்து இறக்கி, ஐம்பது வயதுக்கு மேல் பட்டத் தேர்வை எழுதி முடித்தேன். அலுவலகத்தில் அதனால் பதவி உயரவில்லை, என் மனத்திலிருந்த ஒரு பாரம் இறங்கியது.

நாலு பக்கமும் பார்க்கும் கடிகாரம்

இவ்வளவோடு நின்றால் அது நம் வீட்டுக்கு மட்டும் ஆனது. யூதத் தெருவில் 1568ஆம் ஆண்டு கட்டிய பரதேசி யூதக் கோயிலும், அதை ஒட்டி 1760ஆம் ஆண்டில் எழுந்த மணிக்கூண்டும் இருக்கின்றன. வேற்று மண்ணில் குடியேறியவர்கள் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டிய இடம். ஆனால் அந்த மணிக்கூண்டின் முகங்களைப் பாருங்கள். எபிரேய எண்கள், ரோமன் எண்கள், மலையாள எண்கள் என்று வெவ்வேறாக இருக்கும். தமக்கு நேரம் பார்க்க வைத்த கடிகாரத்தில் அண்டை அயலாருக்கும் ஒரு முகம் வைத்தார்கள்.

அதுபோல நம் கதவில்லாத பீரோவின் பக்கத்தில் ஒரு மேசையும் போட்டோம். ஞாயிறு காலைகளில் நம் பிள்ளைகள் இருவர் அங்கே இருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தொழிலாளிகளுக்கு வங்கிப் படிவம், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்கள். மலையாளத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்வார்கள். என் மகள் அங்கே நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தாள். யாரும் அவளுக்குத் தொண்டைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. மேசையும் பேனாவும் பசையும் அங்கே இருந்தன, ஆள் வந்து நின்றார், அவள் எழுதினாள்.

இன்று தொலைக்காட்சியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. வழி மாறவில்லை. இரவில் அதன் சார்ஜரைப் படுக்கையருகே வைக்காமல் சமையலறை அலமாரியில் வையுங்கள். தலைமாட்டில் ஒரு புத்தகத்தை வையுங்கள். ஒற்றை அறை வீடு என்றாலும் ஒரு தட்டுக்கு இடம் இருக்கும். பாட்டுக் கற்கும் பிள்ளையின் சுருதிப்பெட்டி உறையைவிட்டு வெளியே இருக்கட்டும். பெரியவர்களின் கட்டில் நடமாட்டம் உள்ள இடத்துக்கு வரட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எதைச் செய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைக்கிறீர்களோ, அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் பிள்ளைகளை ஏசுவதற்கு முன், ஒரு நாற்காலியைப் போட்டுப் பரணில் ஏறுங்கள்.