ஒரு ஃபியட்டைக் காக்க இன்னொரு ஃபியட்

2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான பிரீமியர் பத்மினிதான் மும்பையின் கடைசி பத்மினி டாக்சி. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் அது சாலையிலிருந்து விலகியது. நகரவாசிகள் இச்செய்தியை ஏக்கத்தோடு படித்தனர். சொந்தமாகப் பழைய ஃபியட் வைத்திருப்போர் கவலையோடு படித்தனர். கறுப்பு மஞ்சள் டாக்சிகள் ஓடிய காலம்வரை அவற்றின் பாகங்களுக்கு ஒரு சந்தை இருந்தது. டாக்சி போனபின் அச்சந்தை எத்தனை நாள் நிற்கும் என்பதே அவர்களது கவலை.

வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1950-களில் மும்பையின் குர்லாவில் ஃபியட் 1100 கார்களை உருவாக்கத் தொடங்கியது. 1964-இல் வந்த 'டிலைட்' மாதிரியே 1970-களில் 'பிரசிடென்ட்' என்றும், பின்னர் 'பத்மினி' என்றும் பெயர் மாறியது. பெயரும் முகப்பும் மாறினவேயன்றி உள்ளிருந்த பொறியமைப்பு பெரிதும் மாறவில்லை. ஆகவே டிலைட் வைத்திருப்பவர் பத்மினியின் பாகத்தை நம்பி வாழ முடிந்தது.

எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற பார்சி ஆசிரியர். அவருடைய தந்தையார் 1967-இல் வாங்கிய டிலைட், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தார்ப்பாயின் கீழ் நின்றிருந்தது. அதனை மீண்டும் ஓடவைக்க விரும்பி, அதே வகையைச் சேர்ந்த ஓடாத கார் ஒன்றை முழுதாக வாங்கிப் பிரிக்க முடிவுசெய்தார். சேமிப்பிலிருந்து பணம் எடுக்க வந்தவரிடம் காரணம் கேட்டறிந்த நாங்கள் மூவர், அந்த வேலையைக் காண ஞாயிறுதோறும் செல்லத் தொடங்கினோம்.

உதிரிபாகங்களைத் தனித்தனியே வாங்காமல் ஒரு முழு வண்டியை ஏன் வாங்க வேண்டும்? எங்களுக்கும் இந்த ஐயம் எழுந்தது. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் ஒரு பகல் அலைந்தபின் விளங்கிற்று. கடையில் கிடைப்பவை தேயும் பாகங்கள். பிரேக் ஷூ, பேரிங், கேஸ்கெட் போன்றவற்றுக்கு எப்போதும் வாங்குவோர் உண்டு. கிடைக்காதவை தேயாத பாகங்கள். கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவி, ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிச் செல்லும் கியர் கம்பி, குரோமியப் பட்டையைப் பிடிக்கும் சிறு கிளிப்புகள் ஆகியவற்றை ஒருவரும் தனியாக விற்பதில்லை, புதிதாகச் செய்வதுமில்லை. அவை இன்னொரு வண்டியின் உடலில் மட்டுமே இருக்கும்.

நாசிக் அருகே ஒரு திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் 1968-ஆம் ஆண்டு வண்டி ஒன்று அகப்பட்டது. உரிமையாளர் காலமாகிவிட்டார், மகன்கள் விற்கத் தயாராக இருந்தனர். பதிவுச் சான்றைப் பார்த்தபோது வங்கிப் பணியாளர்களாகிய எங்கள் கண் முதலில் சென்றது கடன் ஒப்பந்தக் குறிப்பின் மீது. எப்போதோ தீர்ந்துபோன ஒரு கடன், சான்றில் மட்டும் உயிரோடிருந்தது. உடைக்கப்போகும் வண்டிக்கு இது எதற்கு என்று மெக்கானிக் கேட்டார். கடன் கொடுத்தவரின் உரிமை ஏட்டில் நிற்கும்வரை அவ்வண்டியைப் பிரிப்பது பிறர் பொருளில் கைவைப்பதாகும் என்று விளக்கினோம். மகன்கள் தந்தையின் பெட்டியில் கடன் முடிவுக் கடிதத்தைத் தேடியெடுத்து, கடன் தந்த நிறுவனத்திடம் படிவம் 35-இல் கையொப்பம் பெற்று, முதலில் தம் பெயருக்கும் பின்னர் ஆசிரியரின் பெயருக்கும் மாற்றித்தர இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. வாகனக் கடனை முடித்த வாசகர்கள் தங்கள் பதிவுச் சான்றை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம். கடன் தீர்ந்தால் குறிப்பும் தானே நீங்கிவிடும் என்று எண்ணியிருப்போர் பலர்.

மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்கியது. மெக்கானிக்கை அனைவரும் 'உஸ்தாத்' என்றே அழைத்தனர். அவர் முதல் ஞாயிறு ஸ்பானரைத் தொடவே இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி ஆசிரியரைக் கைபேசியில் படமெடுக்கச் சொன்னார். எந்தக் குழாய் எதன் மேல் செல்கிறது, எந்த வயர் எந்தத் துளை வழியே நுழைகிறது என்பவற்றுக்குக் கழற்றியபின் சாட்சி இல்லை. பிரிக்கப்படும் வண்டியின் முதற்பயன் அதன் பாகங்கள் அன்று, அது காட்டும் வரிசை என்பதை அன்று கண்டோம்.

பிறகு பேட்டரி இணைப்பை நீக்கி, பெட்ரோல், எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், ரேடியேட்டர் நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் கலங்களில் வடித்தனர். துருவேறிய போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயைத் தடவி ஒரு வாரம் ஊறவிட்டனர். அவசரப்பட்டுத் திருகினால் போல்ட்டின் தலை முறியும். முறிந்ததைத் துளையிட்டு எடுக்கும்போது அது பிடித்திருந்த பாகமும் கெடும். கழற்றிய நட்டை மீண்டும் அதன் போல்ட்டிலேயே வாஷரோடு திருகி வைப்பது உஸ்தாத்தின் வழக்கம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் உறை, உறையின்மேல் ஓர் எண், அந்த எண்ணுக்கு நோட்டில் ஒரு வரி. அந்த நோட்டை எழுதும் பொறுப்பு எங்களுக்குக் கிட்டியது. பேரேடு எழுதிப் பழகிய கைக்கு அது சுமையாக இல்லை. வயரிங் முழுவதையும் வெட்டாமல், ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, ஒரே கொடியாக உருவியெடுத்தார். முன்சக்கரத்துக் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் எங்களை முற்றத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார். அழுத்தத்திலிருக்கும் ஸ்பிரிங் பிடிகருவியிலிருந்து நழுவினால் ஆளைக் கொல்லும்.

சிக்கல் ஐந்தாம் ஞாயிறு வந்தது. உள்ளலங்காரத்தை நீக்கியபோது, பிரிப்பதற்கென வாங்கிய வண்டியின் உடற்கூடு திடமாக இருந்தது. நாசிக்கின் உலர்ந்த காற்று அதனைக் காத்திருந்தது. மும்பைக் கடற்காற்றில் நின்ற ஆசிரியரின் வண்டியிலோ தரைத்தகடும் கதவுக்கு அடியிலுள்ள பெட்டித்தகடும் கையால் அழுத்தினால் உதிர்ந்தன. இந்த ஃபியட்டுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்கூடே சுமைதாங்கி.

"பாவாஜி, நல்ல கூடு இங்கே நிற்கிறது. உங்கள் எண்ணை இதில் ஏற்றிவிட்டால் மூன்று மாத வேலை மிச்சம்" என்றார் உஸ்தாத். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. பட்டறைகளில் அது கேள்விப்படாத பேச்சும் அன்று. ஆயினும் சேசிஸ் எண்ணை வெட்டி வேறு கூட்டில் பொருத்துவது குற்றம். அதன்பின் அவ்வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, விற்பனை அனைத்தும் பொய்யின்மேல் நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் நடுவணரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அவ்வாறு பதிந்த வாகனத்தைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்டலாகாது. வாகனம் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதும், உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனைகள்.

ஆசிரியர் சற்று நேரம் இரு வண்டிகளுக்கும் இடையே நின்றார். "என் தந்தை ஓட்டியது அந்தக் கூட்டைத்தான்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. திடமான கூட்டிலிருந்து தரைத்தகட்டுத் துண்டுகளை அளந்து வெட்டி, பழைய கூட்டின் உதிர்ந்த இடங்களில் பற்றவைப்பது என முடிவாயிற்று. நல்லதை வெட்டிக் கெட்டதற்கு ஒட்டுப்போடுவது கணக்கறிந்தவருக்கு உறுத்தும். எங்களுக்கும் உறுத்தியது. எனினும் முடிவு சரியென்றே கருதுகிறோம்.

எஞ்சினிலும் அதே முறைதான். அலுமினிய சிலிண்டர் ஹெட், தேங்கிய நீரால் அரித்திருந்தது. அதற்கு மாற்றாக நாசிக் வண்டியின் ஹெட்டும் கிராங்க் ஷாஃப்ட்டும் வந்தன. எண் பொறித்த வார்ப்பிரும்பு பிளாக் பழையதே. அதன் சிலிண்டர்களுக்குப் புது ஸ்லீவ் இட்டனர். எஞ்சினையே மாற்றியிருந்தால் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கும்.

பற்றுச்சீட்டுகளையும் படங்களையும் தனிக்கோப்பில் வைக்கச் சொன்னோம். மாதிரி வழக்கொழிந்த வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே. பேச்சில் எடுத்துவைக்க அவரிடம் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா?

வெட்டியபின் எஞ்சிய கூடு, முன்பே பேசிவைத்தபடி, பதிவுபெற்ற வாகனச் சிதைப்பு மையத்துக்குச் சென்றது. இனிப் பயன்படாத வாகனத்தைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஆசிரியர் மூன்றாம் நாளே தெரிவித்தார். பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு இதனை மறப்போர் உண்டு. அந்த எண் தவறான கைக்குச் சென்றால் பதில் சொல்ல வேண்டியவர் ஏட்டிலுள்ள உரிமையாளரே.

உபரியாக நின்ற பின் அச்சும் இரு கதவுகளும் நகரின் வேறு இரு ஃபியட்டுகளுக்குப் போயின. கிடைத்த தொகை நோட்டின் வரவுப் பக்கத்தில் ஏறியது. எஞ்சின் சென்ற மாதம் ஓடியது. வண்ணப்பூச்சு நடந்துகொண்டிருக்கிறது. வலப்பக்கப் பின்விளக்கின் சிவப்பு மூடி மட்டும் இரு வண்டிகளிலும் உடைந்தே இருந்தது. அதனை ஆசிரியர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.