பாரிஸின் அதிபர், பெர்லினின் சான்சலர்

ஜெர்மனியின் இன்றைய அரசமைப்புச் சட்டம் 1949 மே 23 அன்றும், பிரான்ஸின் அரசமைப்புச் சட்டம் 1958 அக்டோபர் 4 அன்றும் பிரகடனம் செய்யப்பட்டன. இரண்டையும் எழுதவைத்த கவலை ஒன்றுதான்: அரசுகள் அடிக்கடி கவிழ்வதை எப்படித் தடுப்பது? முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசு 14 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 அமைச்சரவைகளைக் கண்டது. பிரான்ஸின் நான்காம் குடியரசோ 12 ஆண்டுகளில் 20க்கும் மேற்பட்ட அரசுகளைப் பார்த்தது. ஆனால் இரு நாடுகளும் தேடிக்கொண்ட விடைகள் எதிரெதிரானவை. ஜெர்மனி அதிபரின் அதிகாரத்தைப் பறித்து, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பைக் கற்பித்தது. பிரான்ஸ் நாடாளுமன்றத்தை ஒடுக்கி அதிபரை உயர்த்தியது.

ஜெர்மானியர்கள் அதிபர் பதவியைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் உண்டு. வைமார் அதிபரை மக்கள் நேரடியாக 7 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வைமார் அரசமைப்பின் 48ஆம் பிரிவு அவருக்கு அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரத்தை அளித்தது. 1930க்குப் பிறகு, பெரும்பான்மை இல்லாத சான்சலர்கள் (பிரதமருக்கு ஒப்பானவர்கள்) அதிபர் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தை நம்பியே ஆட்சி நடத்தினார்கள். 1932 செப்டம்பரில் சான்சலர் ஃபான் பாப்பன் மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 512 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 42 பேர்தான். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அன்று ஒரே பக்கம் வாக்களித்தார்கள். கவிழ்க்க ஒன்றுகூடிய அந்தக் கூட்டத்தால் சேர்ந்து ஓர் அரசை அமைத்திருக்க முடியாது. நான்கு மாதங்கள் கழித்து, 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லரைச் சான்சலராக நியமித்தவரும் இதே ஹிண்டன்பர்க்தான்.

போருக்குப் பின் பான் நகரில் கொன்ராட் அடினாவர் தலைமையில் கூடிய அரசமைப்பு மன்றம் இந்தப் பாடத்தைப் புதிய அரசமைப்பின் 67ஆம் பிரிவில் பதிந்துவைத்தது. சான்சலரை நீக்க விரும்பும் நாடாளுமன்றம், அதே வாக்கெடுப்பில் அறுதிப் பெரும்பான்மையோடு அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மாற்று ஆள் இல்லையேல் கவிழ்ப்பும் இல்லை. கூட்டாட்சி மட்டத்தில் இந்த வழி இரண்டு முறைதான் முயலப்பட்டிருக்கிறது. 1972இல் வில்லி பிராண்டை வீழ்த்த முயன்ற ரைனர் பார்ட்செல் 2 வாக்குகளில் தோற்றார். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோல் சான்சலரானார். அதிபரை இப்போது மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதே எண்ணிக்கையிலான மாநிலப் பிரதிநிதிகளும் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 5 ஆண்டுகள். அதிகாரமோ இந்தியக் குடியரசுத் தலைவருடையதை ஒத்த பெயரளவு அதிகாரம்.

பிரான்ஸின் கதை அதன் காலனியான அல்ஜீரியாவின் விடுதலைப் போரில் திரும்பியது. 1958 மே மாதம் அல்ஜியர்ஸில் ராணுவத்தினர் கலகக்கொடி தூக்க, பாரிஸ் அரசு செயலிழந்து நின்றது. அரசியலிலிருந்து ஒதுங்கியிருந்த முன்னாள் தலைவர் ஷார்ல் தெகோல் ஆட்சிக்கு அழைக்கப்பட்டார். அவருக்காக மிஷெல் துப்ரே முன்னின்று வடித்த அரசமைப்புச் சட்டம், பிரதமரை நியமிக்கவும், கீழவையைக் கலைக்கவும், நெருக்கடியில் தனி அதிகாரங்களைக் கையில் எடுக்கவும் அதிபருக்கு உரிமை தந்தது. 1962இல் தெகோல் இன்னொரு படி மேலே போனார்: அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதற்குப் பொது வாக்கெடுப்பு அறிவித்தார். கொதித்துப்போன கீழவை பிரதமர் பாம்பிடோவின் அரசைக் கவிழ்த்தது. தெகோல் அவையையே கலைத்தார். பொது வாக்கெடுப்பு, தேர்தல் இரண்டிலும் வென்றவர் அவர்தான். ஜெர்மனி எதைக் கண்டு மிரண்டதோ, அதையே பிரான்ஸ் விரும்பி ஏற்றது. இந்த மாதிரியின் சாயல் 1978இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன இலங்கைக்குத் தந்த அரசமைப்பிலும் உண்டு.

அதிபரும் கீழவையும் வெவ்வேறு கட்சியின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை 1986 வரை பிரான்ஸ் அனுபவித்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு சோஷலிஸ்ட் அதிபர் மித்தரான், வலதுசாரி ஜாக் சிராக்கைப் பிரதமராக்க வேண்டியதாயிற்று. 1993இலும் 1997இலும் இதே போல ஒரே வீட்டில் இரு குடித்தனங்கள் நடந்தன. கடைசி முறை சிராக் அதிபராக இருக்க, சோஷலிஸ்ட் ஜோஸ்பான் பிரதமராக இருந்தார். இதைத் தவிர்க்கவே 2000இல் அதிபரின் 7 ஆண்டுப் பதவிக்காலம் 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அதிபர் தேர்தல் முடிந்த கையோடு கீழவைத் தேர்தல் வரும்படியும் ஏற்பாடானது.

பிரெஞ்சு அரசின் கூர்மையான ஆயுதம் 49ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. ஒரு மசோதாவை வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேற்ற பிரதமருக்கு அது வழி தருகிறது. தடுக்க விரும்பினால் அவை அரசையே கவிழ்க்க வேண்டும். 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கும் சட்டம் இப்படித்தான் வந்தது. அரசு 9 வாக்குகளில் தப்பியது; தெருக்களில் போராட்டம் வெடித்தது. ஜெர்மனியின் 67ஆம் பிரிவு எதிரணியிடம் ‘உன் ஆள் யார்?’ என்று கேட்கிறது. பிரெஞ்சுப் பிரிவோ ‘என்னைக் கவிழ்க்கத் துணிவு உண்டா?’ என்று சவால் விடுகிறது. முதலாவது சமரசத்தைப் பழக்குகிறது. இரண்டாவது பகையை வளர்க்கிறது.

தேர்தல் முறையும் இதே போக்கில் பிரிகிறது. பிரான்ஸின் 577 தொகுதிகளில் இருசுற்று வாக்குப்பதிவு நடக்கிறது. அது பெரிய அணிகளுக்குச் சாதகமானது. ஜெர்மனியில் விகிதாசார முறை. 5 சதவீத வரம்பு சிறு கட்சிகளை வடிகட்டினாலும் தனிக்கட்சி ஆட்சி அபூர்வம். அங்கே 16 மாநிலங்களின் அரசுகள் மேலவையான புண்டஸ்ராட்டில் 69 வாக்குகள் வைத்திருக்கின்றன. கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள அரசமைப்பு நீதிமன்றம் எந்தச் சான்சலரையும் திணறடிக்கும்: 2023 நவம்பரில் அதன் ஒரே தீர்ப்பு 6,000 கோடி யூரோ நிதி ஒதுக்கீட்டை ரத்துசெய்தது.

அந்தத் தீர்ப்பு கிளப்பிய பட்ஜெட் சண்டையில் 2024 நவம்பர் 6 அன்று சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸின் கூட்டணி உடைந்தது. எதிரணியிடம் மாற்றுப் பெரும்பான்மை இல்லாததால் அவரை நீக்க வழியில்லை. தேர்தலைக் கொண்டுவர, ஷோல்ஸ் தானே நம்பிக்கை வாக்குக் கோரி, டிசம்பர் 16 அன்று வேண்டுமென்றே தோற்றார். பெரும்பான்மை இழந்த சான்சலர் அடுத்த மே மாதம் வரை பதவியில் நீடித்தார். நிலையான ஆட்சிக்கு ஜெர்மனி தரும் விலை இது.

அதே டிசம்பர் 4 அன்று பாரிஸில் பிரதமர் மிஷெல் பார்னியேயின் அரசு, எதிராக விழுந்த 331 வாக்குகளில் கவிழ்ந்தது. 1962க்குப் பிறகு இதுவே முதல் முறை. அதிபர் மக்ரோன் ஜூனில் அவையைக் கலைத்து நடத்திய தேர்தல் யாருக்கும் பெரும்பான்மை தரவில்லை. இடதுசாரிகளும் தீவிர வலதுசாரியான லெ பென்னின் கட்சியும் சேர்ந்து வாக்களித்தார்கள். அடுத்த பிரதமர் பற்றி அவர்களுக்குள் எந்த உடன்பாடும் இல்லை. பெர்லினில் இந்த வாக்கெடுப்பு செல்லாது.

2025 மே 6 அன்று ஃபிரீட்ரிஷ் மெர்ஸை சான்சலராகத் தேர்ந்தெடுக்க அவை கூடியபோது, 328 இடங்கள் கொண்ட கூட்டணி இருந்தும் முதல் சுற்றில் அவருக்கு 310 வாக்குகளே விழுந்தன. ஜெர்மனியில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. அன்றே இரண்டாம் சுற்றில் 325 வாக்குகளோடு தேறினார். பதவியேற்கும் பிரெஞ்சுப் பிரதமருக்கு இந்தச் சோதனையே கிடையாது. அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று பிரதமர் பிரான்சுவா பாய்ரூ நம்பிக்கை வாக்கில் தோற்றதும், மறுநாளே மக்ரோன் செபஸ்தியான் லெகோர்னுவை நியமித்தார். லெகோர்னு அக்டோபர் 6 அன்று விலகினார். நான்கே நாளில் மக்ரோன் அவரையே திரும்ப நியமித்தார்.